ஒரே நாளில் திறந்த ஜன்னல்

நீ குளித்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அதனால் எழுதிவைக்கிறேன்.

நேற்று சமையலறை ஜன்னலைத் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "பதினோரு வருஷமா இதைத் திறக்கிற மாதிரி பண்ணுங்கன்னு கேட்டேன். வீட்டை வாங்க ஆள் வர்றாங்கன்னதும் ஒரே நாள்ல முடிஞ்சிடுச்சு." உண்மைதான். கையில் காசில்லை என்று நான் இத்தனை நாள் சொன்னது பொய். இரண்டு கீல், ஒரு மத்தியானம், அவ்வளவுதான் ஆனது. புகையில் நின்றது நீ, நான் இல்லை. அதனால்தான் எனக்கு அவசரமே வரவில்லை.

பத்து மணிக்குத் தச்சர் வருவார். இன்னும் ஒரு நாள் கூலிதான் நம்மால் கொடுக்க முடியும். வாசல் கதவை இழைக்க வரச் சொல்லியிருந்தேன். காலையில் போன் செய்து மாற்றிவிட்டேன். அவரை நாம் குடிபோகப்போகும் வாடகை வீட்டுக்குக் கூட்டிப் போ. சாவி டிவி மேல் இருக்கிறது. அங்கே சமையலறை அலமாரி உனக்கு எட்டவில்லை என்றாயே, எவ்வளவு இறக்க வேண்டும் என்று நீயே நின்று காட்டு.

வாசல் கதவை ஞாயிற்றுக்கிழமை நானே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறேன். சுமாராகத்தான் வரும். வாங்க வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

முன்னறைச் சுவரில் சாய்ந்துவிடாதே, பெயின்ட் ஈரம்.

இன்னொன்று. வேறு என்னவெல்லாம் கேட்டுக் கேட்டுச் சலித்து விட்டுவிட்டாய்? சாயங்காலம் சொல். உட்கார்ந்து கேட்கிறேன்.