ஐந்தரை மணி நேரம்

பதிவு 211
மார்ச் 2, 04:15 உலக நேரம்
நிலவின் மறுபக்க ஆய்வு நிலையம். ஒரே பணியாளர்: மங்கையர்க்கரசி, வயது 46. காற்று, நீர், மின்சாரம் சீர். தொலைநோக்கிப் படங்களில் பட்டியலில் இல்லாத ஒரு புள்ளி. நான்கு படங்களிலும் நகர்ந்திருக்கிறது. சிறுகோள், குறுக்களவு சுமார் அறுபது மீட்டர். இடமும் நேரமும் குறித்துத் தரைக்கு, பூமியிலுள்ள கட்டுப்பாட்டு மையத்துக்கு, அனுப்பினேன்.

பதிவு 214
மார்ச் 5, 05:40 உலக நேரம்
சுற்றுப்பாதை கிடைத்துவிட்டது. பதினான்கு மாதங்களுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றுகிறது. பூமியைத் தொடாது. மார்ச் 11, 10:50க்கு நிலவில் விழும், இங்கிருந்து ஒன்பது கிலோமீட்டரில். நிலையம் மிஞ்சாது. திரும்பும் கலம் இருக்கிறது. அதைத் தளத்தோடு பிணைத்திருக்கும் பூட்டைத் திறக்கும் குறியீடு தரையில் இருக்கிறது. கேட்டிருக்கிறேன்.

பதிவு 215
மார்ச் 6, 07:05 உலக நேரம்
தரையிலிருந்து அமல்ராஜ்: "பயப்படாதீங்க மேடம். எங்க கணக்குல அது ரெண்டு லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போகுது. நீங்க இந்திய நேரத்துல போட்டிருந்தீங்க. அஞ்சரை மணி நேரத்த நாங்களே கழிச்சிட்டோம்."
நான் எழுதியது உலக நேரம். ஒவ்வொரு வரியிலும் அப்படியே குறித்திருக்கிறேன். எனக்கு முன் இங்கிருந்த வைத்தீஸ்வரன் இந்திய நேரத்தில் எழுதுவார். அவருக்குக் கழித்துப் பழகிய கை எனக்கும் கழித்துவிட்டது. ஐந்தரை மணி நேரத்தில் பூமி, நிலவையும் இழுத்துக்கொண்டு, ஏறத்தாழ ஆறு லட்சம் கிலோமீட்டர் ஓடிவிடும். அதனால்தான் விழ வேண்டிய கல் அவர்கள் கணக்கில் விலகிப் போகிறது. விளக்கி எழுதினேன்.

பதிவு 217
மார்ச் 8, 06:20 உலக நேரம்
"மேடம், டைரக்டர் சிரிக்கிறாரு. 'தனியா இருக்காங்கள்ல, அப்படித்தான் தோணும், நல்லாத் தூங்கச் சொல்லு'ன்னாரு. ஒரு நல்ல சேதி, உங்க கல்லுக்குத் தமிழ்ப் பேர் வைக்கக் கமிட்டி போட்டாச்சு!"
பெயர் வைக்க ஒன்பது பேர். ஒரு கழித்தலைச் சரிபார்க்க ஆளில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக 'மறுபடி பார்க்கலாமா சார்' என்று எழுதியே காலம் தள்ளினேன். இன்று எழுதியது: உங்கள் கணக்கு தவறு. சார் போடவில்லை.

பதிவு 219
மார்ச் 10, 12:30 உலக நேரம்
"மேடம்... வெளிநாட்டுக்காரங்களும் அளந்துட்டாங்க. நீங்க சொன்னதுதான் சரி. ஆனா முடிவ மாத்த படிவத்துல காரணம் கேக்குது. எங்க தப்புன்னு போட்டா விசாரணை, பத்து நாள் இழுக்கும். 'எந்த நேரம் என்று நான் குறிப்பிடவில்லை'ன்னு நீங்க ஒரு வரி குடுத்தா இப்பவே கையெழுத்தாயிரும். மன்னிச்சிருங்க மேடம்."
மேசையில் ஓங்கிக் குத்தினேன். நிலவில் அதுகூட ஒழுங்காக முடியவில்லை. நான்தான் மேலே எழும்பினேன்.
பொய்யை எழுதிக் கையெழுத்திட்டேன். எனக்கு உயிர் வேண்டும். எரிபொருள் நிரப்பியாக வேண்டும் என்பதால் புறப்பாடு நாளை 09:00 உலக நேரம் என்று கேட்டிருக்கிறேன். உண்மை இந்தப் பதிவில் இருக்கிறது. கண்டெடுப்பவர் படிக்கட்டும்.

பதிவு 220
மார்ச் 11, 08:25 உலக நேரம்
குறியீடு வந்தது. கலம் ஏற்கவில்லை. திரையில்: 'அனுமதி 03:30 முதல் 04:30 வரை. காலாவதி.'
என் ஒப்புதல் கோப்பில் ஏறிவிட்டது. எந்த நேரம் என்று குறிப்பிடாதவள் என்று பதிந்தாகிவிட்டது. இனி நான் எழுதும் எல்லாமே இந்திய நேரம் என்பது அவர்கள் கணினியின் விதி. 09:00இலும் கழித்துவிட்டார்கள்.

08:41. "ஐயோ மேடம்! திரும்பக் கையெழுத்து வாங்கணும். எல்லாரும் சாப்பிடப் போயிருக்காங்க. வந்ததும் வாங்கிடுறேன்."

09:20. பதில் இல்லை. மூன்று முறை கூப்பிட்டேன். பூட்டைக் கம்பியால் நெம்பினேன். கம்பி வளைந்தது.

10:02. கலத்துக்குள் உட்கார்ந்திருக்கிறேன். எரிபொருள் முழுதாக இருக்கிறது. எல்லா விளக்கும் பச்சை, பூட்டைத் தவிர.

10:36. "மேடம், டைரக்டர் பக்கத்துலதான் நிக்கிறாரு. பேனா கையில இருக்கு. புறப்படுற நேரம் என்னன்னு போடணுமாம். இந்திய நேரமா, உலக நேரமா?"

'இப்போது' என்று அனுப்பினேன்.

10:50. "மேடம், 'இப்போது'ன்னா படிவம் எடுக்க மாட்டேங்குது. மணி சொல்லு