இடதுகைக் கிட்டார்

அவனுடைய அம்மாவுக்கு,

உன் தங்கை வீட்டிலாவது தூக்கம் வருகிறதா?

பையன் பாதியில் விட்டுப்போன கிட்டாரை, கழுத்து நுனியில் கம்பி முறுக்கும் தலை இல்லாத அதை, முடித்துவிட்டேன். “தலையில்லாத முண்டத்தை எதுக்குடா செய்யறே?” என்று நீ திட்டினாய். “தலை இருந்தா பஸ்ல இடிக்கும்மா” என்று சிரித்தான். நீ சொன்னது ஏதோ வாயில் வந்த வார்த்தை. அதற்கும் அவனைக் கொண்டுபோன விபத்துக்கும் சம்பந்தமே இல்லை.

கம்பி கட்டி மடியில் வைத்தால் எல்லாம் தலைகீழாக இருந்தது. கழுத்தை மாற்றி ஒட்டிவிட்டேனோ என்று அவன் வரைந்த படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. அவன் இடதுகைக்காரன். வேலையில் தப்பில்லை, பிடித்த ஆள்தான் தப்பு.

அந்தக் கை அவனுக்கு உன்னிடமிருந்து வந்தது. நீ வந்து ஒருதடவை மடியில் வைத்துக்கொள்.

அவனுடைய அப்பா