வழிமொழிந்தவர்

அக்கா,

போன வாரம் ரேஷன் கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். மைதாப் பசை காய்வதற்கு முன்பே நான் அதன் எதிரில் போய் நின்றுவிட்டேன். அரசு கட்டித்தரும் வீடுகளை யாருக்கு முதலில் கொடுப்பது என்று கிராம சபையில் மக்களின் கருத்தைக் கேட்கப் போகிறார்களாம். அந்தப் பசை வாசனை மூக்கில் ஏறியதும், சில வருஷங்களுக்கு முன் இதே சுவரில் இதே மாதிரி ஒட்டிய நோட்டீஸ் நினைவுக்கு வந்தது. வரிசையில் நின்ற பெண்கள் படித்துச் சொல்லச் சொன்னார்கள். குரல் தடுமாறாமல் படித்தேன். ஊருக்கு முன்னால் எனக்குக் குரல் எப்போதும் நன்றாகத்தான் வரும். அதுதான் தொல்லையே.

அன்றைக்கு ஒட்டிய நோட்டீஸை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். எஸ்டேட்காரர்கள் வேலையாட்களுக்குக் கொடுத்த லைன் வீட்டிலிருந்து காபிக் காட்டுக்கும், காட்டிலிருந்து லைனுக்கும் நடக்கிற உங்களுக்கு ரேஷன் கடைச் சுவர் மாதம் ஒருமுறைதான் கண்ணில் படும். கிராம சபைக்கு நான்தான் வந்து கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் செல்லுபடியாக இத்தனை பேர் வர வேண்டும் என்ற கோரத்துக்கு ஆள் குறைந்தது. மகளிர் குழுத் தலைவி நீங்கள், எப்படியாவது ஆளைத் திரட்டுங்கள் என்று ஊராட்சிச் செயலர் என் தலையில் கட்டிவிட்டார். குழுவில் நான் கூப்பிட்டால் ஏன், எதற்கு என்று கேட்காமல் வருகிற ஒரே ஆள் நீங்கள். பழம் பறிப்பு மும்முரமாக நடந்த நேரம். எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டரிடம் கெஞ்சி அரை நாள் லீவு வாங்கிக்கொண்டு, காபிக் கறை படிந்த விரல்களோடு வந்து என் வலது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். "நொம்ப நேரம் ஆகுமா கண்ணு?" என்று மட்டும் கேட்டீர்கள்.

செயலர் இரண்டு வழி சொன்னார். சொந்த இடத்துக்குப் பட்டா வைத்திருப்பவர்களுக்கு முதலில் வீடு கொடுக்கலாம், வேலை சீக்கிரம் தொடங்கும். அல்லது வீடே இல்லாதவர்களுக்கு முதலில் கொடுக்கலாம். ஆனால் அவர்களுக்கு இடம் அளந்து தரும்படி தாலுகா ஆபீசுக்கு எழுத வேண்டும், நாளாகும். எது முதலில் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்.

உங்கள் நிலைமை எனக்கு அத்துப்படி. மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் சேலத்தில் வாடகைக்கு இருந்தாள். உங்களுக்கு வேலை இன்னும் இரண்டு வருஷம்தான். அது முடிந்ததும் லைன் வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட வேண்டும். கீழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த உங்கள் பாட்டன் காலத்திலிருந்து மூன்று தலைமுறையாக இந்த மலையில் உழைத்தும், பட்டா என்ற காகிதம் உங்கள் குடும்பத்தில் ஒருவர் கையிலும் இருந்ததில்லை. நாங்கள் மலைக்காரர்கள். என் அப்பா விட்டுப்போன ஆரஞ்சுத் தோட்டத்து ஓரத்தில் எனக்கு இடமும் இருந்தது, பட்டாவும் இருந்தது. கூரைதான் ஒழுகியது.

நான் எழுந்து மைக்கைப் பிடித்தேன். இடம் இருக்கிறவர்களுக்கு முதலில் கட்டட்டும், தாமதித்தால் நம் ஊருக்கு வந்த வீடு வேறு ஊருக்குப் போய்விடும் என்று பேசினேன். ஊர் நலம், ஊர் நலம் என்று எத்தனை முறை சொன்னேனோ. மனசு முழுக்க என் வீட்டுக் கூரைதான் இருந்தது. ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது, எல்லாருக்கும் முந்தி என் வலது பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. காபிக் கறை படிந்த கை. அதைப் பிடித்து இறக்கியிருக்க வேண்டும். நான் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தீர்மானப் புத்தகத்தில் முன்மொழிந்தவர் என்று என் பெயரை எழுதினார்கள். முதலில் கை தூக்கியவர் என்பதால் வழிமொழிந்தவர் என்று உங்கள் பெயர். கையெழுத்துப் போடும்முன் என் பக்கம் திரும்பினீர்கள்.

"வழிமொழிஞ்சவருன்னா என்ன கண்ணு?"

"கூட நிக்கறவங்கன்னு அர்த்தமுங்கக்கா."

முகம் மலர்ந்து, எழுத்து எழுத்தாக, கோடு தாண்டாமல் கையெழுத்துப் போட்டீர்கள். பட்டியல் வந்தபோது அதில் உங்கள் பெயர் இல்லை. அடுத்த லிஸ்டில் வருமுங்க என்று நான் சொன்னேன். வராது என்று தெரிந்தே சொன்னேன்.

என் வீட்டுக்குக் கான்கிரீட் போட்ட பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சுவருக்குத் தண்ணீர் ஊற்றினீர்கள். பால் காய்ச்சிய அன்று எல்லாரும் சாப்பிடப் போன பிறகும் நீங்கள் உள்ளறையிலேயே நின்று சுவரைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். "இந்த ஊட்டை யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாதில்ல கண்ணு?" என்றீர்கள். பொறாமை ஒரு துளி இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

வேலை முடிந்து, லைன் வீட்டைக் காலி செய்து நீங்கள் மலையை விட்டு இறங்கிய அன்று குழுக் கூட்டம் இருக்கிறது என்று பொய் சொல்லி வீட்டிலேயே இருந்துகொண்டேன். எனக்காக இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நின்றீர்களாம், பிறகு சொன்னார்கள். சேலத்தில் ஒரே ஒரு தடவை வந்து பார்த்தேன். தகரக் கூரை. ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தீர்கள். மலைக்குளிரில் பிறந்து வளர்ந்த உடம்பு அந்த வெக்கையில் பாதியாக இளைத்துப்போயிருந்தது. அடுத்த லிஸ்ட் வந்துவிட்டதா என்று கேட்டீர்கள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. உங்கள் மகள் வாங்கிவந்த கலரைக் குடித்துவிட்டு, கடைசி பஸ் போய்விடும் என்று எழுந்து வந்துவிட்டேன். அந்தக் கோடை முடிவதற்குள் மகளிடமிருந்து போன் வந்தது. மலையில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்களாம். கொண்டுவர வழியில்லாமல் அங்கேயே முடித்துவிட்டார்கள்.

இன்று காலை நடந்த கிராம சபையில் மறுபடியும் மைக்கைப் பிடித்தேன். வீடே இல்லாதவர்களுக்குத்தான் முதலில் தர வேண்டும், ஓய்வு பெறும் லைன் தொழிலாளர்களுக்கு இடம் அளந்து தரும்படி இந்தச் சபையே எழுதிக் கேட்க வேண்டும் என்றேன். பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். "உங்களுக்குத்தான் ஊடு வந்துருச்சே, இனி என்ன வேணாலும் பேசலாமுங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. புதிதாக வந்திருக்கும் செயலர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "வழிமொழியறது யாருங்க?" என்று கேட்டார். ஒரு கையும் உயரவில்லை. இரண்டாவது தடவையும் கேட்டார். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் அன்றைய என்னைப் போல, பட்டா வைத்திருப்பவர்கள்.

நான் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தேன். லைன் வீட்டிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. அவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில் காட்டில் பழம் பறித்துக்கொண்டிருப்பார்கள். வழிமொழிய ஆளில்லை என்று செயலர் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்.

உங்களைக் கூப்பிட்டு வந்து, உங்கள் கையாலேயே உங்கள் வீட்டுக்கு எதிராகக் கையெழுத்துப் போட வைத்தேன் அக்கா. உயிரோடு இருக்கும்போது உங்களிடம் சொல்லாத இது என் நெஞ்சில் அப்படியே கிடக்கிறது. பேசிவிட்டால் கொஞ்சமாவது குறையும் என்று நினைத்துத்தான் இன்று போனேன். அன்றைக்குக் கோரத்துக்காகவாவது லைன் வரை நடந்து வந்தேன். இந்தத் தடவை கூட்டம் தானாகவே சேர்ந்துவிட்டதால், லைனில் இருப்பவர்களைப் போய்க் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை.