செருப்போடு உண்ட பஸ்கா

2025 மார்ச் 18, செவ்வாய்
அப்பாவின் இடது பெருவிரலில் மறுபடி புண். சர்க்கரைக்காரர் கால். டாக்டர் என்னைத்தான் திட்டினார். இன்னொரு முறை சீழ் பிடித்தால் விரலை எடுக்க வேண்டியதுதானாம். சர்க்கரைக்காரருக்கென்றே செய்த மெத்துச் செருப்பு வாங்கிக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. மனுஷன் அதை அக்குளில் இடுக்கிகினு வெறுங்காலோடு ஆலயத்துக்குப் போகிறார். நான் செய்யார் கம்பெனியில் எவனெவன் காலுக்கோ நாளெல்லாம் ஷூ தைக்கிறேன். பெத்தவர் காலைக் காப்பாற்ற வக்கில்லை.

மார்ச் 23, ஞாயிறு
பெரிய வியாழன் ஆராதனையில் பஸ்காவைப் பற்றிப் பேச இந்த வருஷம் என் முறை. போதகர் ஐயா, அப்பாவையே உதாரணமாகச் சொல்லச் சொன்னார். ஆலயத்துக்கு ஒரு தெரு இருக்கும்போதே, பெரிய பெரிய வீடுகள் வரிசையாக இருக்கிற அந்தத் தெரு முனையிலேயே, செருப்பைக் கழற்றிவிடுகிறாரே, அது எப்பேர்ப்பட்ட பக்தி என்றார். நானும் இதைப் பெருமையாகச் சொல்லிகினு திரிந்தவள்தான்.

மார்ச் 27
கம்பெனி பஸ்ஸில் வேதாகமம் படித்தேன். எகிப்தில் அடிமையாக இருந்த இஸ்ரவேலர், அங்கிருந்து கிளம்பிய ராத்திரி பஸ்கா விருந்தைச் சாவகாசமாக உட்கார்ந்து சாப்பிடவில்லை. இடுப்பில் கச்சை, கையில் தடி, காலில் செருப்பு. இத்தனை வருஷமாக சாவு அண்டாமல் நிலைக்காலில் பூசிய ஆட்டு ரத்தம் மட்டும்தான் என் கண்ணில் பட்டிருக்கிறது. செருப்பு தைக்கிறவளுக்கே செருப்பு தெரியவில்லை!
அடிமை காலில் ஏது செருப்பு? மாட்டிகினு சாப்பிடு என்று ஆண்டவர் சொன்னபோதே பாதி விடுதலை கிடைத்துவிட்டது. எகிப்து ராஜா பார்வோன் பின்னால் துரத்தி வந்தது வேறு கதை.

ஏப்ரல் 6, ஞாயிறு
இதை அப்பாவிடம் சொன்னேன். அவரும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.  அவரோ சுவரைப் பார்த்துகினு ஒரு பழைய கதையைச் சொன்னார்.
அவருக்குப் பதினொரு வயசு. கிறிஸ்துமஸுக்குத் தாத்தா புதுச் செருப்பு வாங்கித் தந்திருக்கிறார். அதைப் போட்டுகினு மேல்சாதிக்காரர் இருந்த ஊர்த்தெருவில் நடந்துவிட்டார். நாலு பேர் பிடித்து நிறுத்தி, செருப்பைக் கழற்றித் தலையில் வைத்துகினு தெருக்கோடி வரை நடக்கச் சொன்னார்களாம். தாத்தா கைகட்டி நின்றாராம்.
"இது அந்த ஊர் இல்லப்பா. இங்க யாரு உன்னைக் கேக்கறாங்க?" என்றேன்.
"யாரும் கேக்கல பாப்பா. பெரிய வீடா வரிசையா பாத்தா காலு தானா கழட்டுது. நான் இன்னா பண்ணட்டும்?"
பக்தி என்றோமே! சபையே பக்தி என்றதே! அது பயம். அறுபத்தோரு வருஷத்துப் பயம். நான் அதற்குச் சாட்சி சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. 

ஏப்ரல் 7
பரிசுத்த பூமி என்று மோசேயையும் செருப்பைக் கழற்றச் சொன்னது உண்மைதான். சொன்னது கடவுள். ஆலய வாசலில் நாமும் கழற்றுகிறோம், நாமாகக் கழற்றுகிறோம். அதைத் தெருவில் கேட்கிறவன் எவனாக இருந்தாலும் பார்வோன்தான். விடமாட்டேன்.

ஏப்ரல் 9
சபையில் இதைச் சொன்னால் மானம் போய்விடும் என்கிறார் அப்பா. யார் மானம்? கழற்ற வைத்தவன் மானம் அல்லவா போகணும்! ஆனாலும் கதை அவருடையது. ஒப்பந்தம் போட்டேன்: நான் வாய் திறக்கமாட்டேன், பெரிய வியாழன் அன்று நீ அந்தத் தெருவில் செருப்போடு நடக்கணும். "பேஜார் புடிச்ச பொண்ணு" என்றார். முடியாது என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்
தெருமுனையில் நின்றுவிட்டார். வலது கால் செருப்பிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டது. நான் குனியவில்லை, கையைப் பிடித்து இழுக்கவுமில்லை. நானே மாட்டிவிட்டால் அது என் செருப்பாகிவிடும். பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். 
என் தோளைப் பிடித்தார். காலை உள்ளே விட்டார். நடந்தார்.
ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் போன் பார்த்துகினு இருந்தாள். நிமிரக்கூட இல்லை. அறுபத்தோரு வருஷம் பயந்த மனுஷன் நடந்து போகிறார், பார்க்க ஆளில்லை. எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.
ஆலய வாசலில் எல்லார் செருப்போடும் தன் செருப்பையும் விட்டார். நான் இஸ்ரவேலர் செருப்பைப் பற்றி மட்டும் பேசினேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்
இன்றும் போட்டார். முனையில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான்.

ஜூன் 11
புண் ஆறிவிட்டது. விரல் பிழைத்தது. ஸ்தோத்திரம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு
செருப்பு குதிகால் பக்கம் தேய்ந்துவிட்டதாம், வேறு வேண்டும் என்கிறார் அப்பா. இரண்டு வருஷம் பெரும்பாலும் அக்குளிலேயே இருந்த செருப்பு, நாலே மாசத்தில் தேய்ந்திருக்கிறது. பழைய மாதிரியே கறுப்பு வாங்கட்டுமா என்று கேட்டேன்.
"கறுப்பு வேணாம் பாப்பா. தூரத்துலேர்ந்தே தெரியுற கலரா எடு."