நான் போடாத கல்சியம்

இன்று காலை ஆய்வுகூடக் கதவைத் திறந்ததும் அந்த அவிந்த ஈஸ்ட் மணம் மூக்கில் அடித்தது. உடனே கோபம் வந்தது. உம்மில்தான். செத்துப்போன ஆளோடு கோபிக்கக் கூடாதாம். ஆர் சொன்னது?

மூன்று வருஷம் ஒரே மேசையில் சளிப்பூஞ்சைகளோடு மாரடித்தோம். சாப்பாடு தீர்ந்தால் அவற்றின் தனித்தனி உயிர்க்கலங்கள் ஊர்ந்து ஊர்ந்து ஒன்றாகக் கூடும். அந்த ஊர்தலுக்குக் கல்சியமும் வேண்டும், அதைப் பிடித்து வைக்கும் புரதங்களும் வேண்டும். அப்படி ஒரு புரதம் இல்லாத கலங்கள் எப்படி ஊரும்? அதுதான் என் ஆய்வு. கரைசல் கலக்கும்போது நீர் பட்டியலை வாசிப்பீர். நான் ஒவ்வொன்றாகப் போட்டு, "போட்டன்" என்பேன். நீர் சரி அடையாளம் போடுவீர். நீர் கொண்டுவந்த வழக்கம் அது.

அன்றைக்கு, அந்தக் கலங்களுக்கான போத்தலைக் கலக்கும்போது, மல்வேர்னில் வீடு பார்த்த கதையை அளந்துகொண்டே, கல்சியத்தைப் போடாமல் "போட்டன்" என்றேன். நீரும் சரி போட்டீர். கலங்கள் அரக்கி அரக்கி நகர்ந்தன. புரதம் இல்லாததால்தான் என்று துள்ளிக் குதித்தோம். பேராசிரியர் போகிற இடமெல்லாம் அதைச் சொல்லித் திரிந்தார். பிறகு நீர்தான் சந்தேகப்பட்டுப் புதிதாகக் கலந்தீர். கல்சியம் கிடைத்ததும் அதே கலங்கள் விறுவிறென்று ஓடின.

ஆய்வுகூடக் கூட்டத்தில் நான் வாய் திறக்க முதலே, "நான்தான் கலந்தனான், பிழை என்ரை" என்றீர். பட்டியலில் உம்முடைய கையெழுத்து. ஆர் நம்பமாட்டார்கள்? வெளியில் வந்து என் கையைப் பிடித்தீர். "உமக்குப் பட்டம் முடிய மூண்டு மாசம்தான் கிடக்கு. வாயை மூடும்."

உம்முடைய வேலை ஒப்பந்தத்தை நீட்டவில்லை. ஆர் உம்மைக் கேட்டது, சொல்லும்! பெரிய தியாகி! சரி, நான் மட்டும் என்ன? வெட்கம்கெட்டவள், வாயை மூடித்தானே இருந்தேன்.

போன மாதம் செத்தவீட்டில் உம்முடைய தம்பி எல்லோருக்கும் சொன்னார், "அக்கா கல்சியம் போட மறந்துதான் வேலை போனது. தானே சொல்லிச் சிரிப்பா." சனம் சிரித்தது. நானும் தலையை ஆட்டினேன்.

இன்று கரைசல் கலக்கும்போது, பழக்கத்தில் "போட்டன்" என்றேன். சரி போட ஒருவரும் இல்லை. எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறி, டோர்செட் பார்க்கில் தம்பியின் கதவைத் தட்டினேன்.

"என்ன அக்கா, இண்டைக்கு வேலையில்லையே?"

"அண்டைக்குக் கல்சியம் போடாதது நான், தம்பி. உங்கடை அக்கா இல்லை."

"எங்கடை அக்காவுக்கு அது தெரியுமோ?"

"ஓம்."

உள்ளே வாங்கோ என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தினார். சாத்தட்டும். இனி அந்த வீட்டில் உம்மை வைத்து ஒருவரும் சிரிக்கமாட்டார்கள்.

உம்மில் கோபம் ஆறவில்லை. நாளைக்கும் கரைசல் கலக்க வேண்டும். "போட்டன்" என்று சத்தமாகச் சொல்வேன். போட்ட பிறகுதான்.