மூன்று விரல் இடைவெளி

ஜனவரி 9
நடு அறையை ரயில் பிடித்துக்கொண்டது. சாப்பாட்டு மேஜை அளவுக்கு ஒரு பலகை. அதன்மேல் பக்கம் பக்கமாக இரண்டு குட்டித் தண்டவாளங்கள். என் வீட்டுக்காரர், ஊரார் இடுப்பையெல்லாம் டேப்பால் அளக்கும் தையல்காரர், தன் தண்டவாளத்துக்கு மட்டும் டேப்பைத் தொடமாட்டாராம். மூன்று விரலைச் சேர்த்து இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் வைக்கிறார், ஒட்டுகிறார். "முப்பது வருஷக் கை. தப்பாது" என்கிறார். வீம்புக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

பிப்ரவரி 2
ஸ்கேன் முடிவு வந்தது. அவருக்குக் கணையத்தில் கட்டி.

மார்ச் 14
ஊசி குத்தாமலிருக்க மாட்டும் இரும்பு விரலுறை இன்று மூன்று தடவை கழன்று விழுந்தது. "பழசு, தேஞ்சுபோச்சு" என்றார். டாக்டரும் மருந்து கேட்கிறது என்கிறார். நம்புகிறேன். நம்பாமல் என்ன செய்ய?

ஏப்ரல் 20
கடைசி வளைவும் முடிந்தது. இரண்டு ரயிலையும் சேர்த்து விட்டார். இதுவரை ஒழுங்காகப் போனவை, அந்த வளைவில் உரசிக் கவிழ்ந்தன.

"பெட்டியிலதான் கோளாறு" என்று கழற்றிக் கழற்றிப் பார்த்தார்.

மத்தியானம் அவர் கண் அசந்ததும் டேப்பை எடுத்தேன். ஜனவரியில் ஒட்டியது ஐந்து சென்டிமீட்டர். மார்ச்சில் நாலே முக்கால். இந்த வாரம் ஒட்டியது நாலரைகூட இல்லை. எல்லாமே மூன்று விரல்தான் — அதே கைதான். ஐயோ, இதைப் போய் நான் ஏன் அளந்தேன்? யார்கிட்ட சொல்லுவேன்?

ஏப்ரல் 21
"அளந்தியா?" என்றார். டேப்பை நான் தலைகீழாகச் சுருட்டி வைத்திருக்கிறேனாம். தையல்காரரிடம் மறைக்க முடியுமா!

சொன்னேன். விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாவம், பெட்டி மேல பழி போட்டேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சமையலறைக்குப் போய் வெறும் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 30
மருந்தை நிறுத்திவிடலாம் என்கிறார் டாக்டர்.

மே 11
கட்டிலை நடு அறைக்கே கொண்டுவந்தாயிற்று. கெட்ட வளைவைப் பெயர்த்துவிட்டு நானே ஒட்டினேன். டேப்பை எடுத்தால், "அது எதுக்கு? கைய வை" என்கிறார். என் மூன்று விரல் போதவில்லை. அவருடைய விரலுறையை நடுவிரலில் மாட்டிக்கொண்டு வைத்தேன். ஜனவரி அளவு வந்தது.

ரயில்கள் உரசாமல் போயின. கண்ணை மூடியபடியே, "இடிக்கலையே?" என்றார்.

"இல்லைங்க."

அடுத்த சுற்றிலும் கேட்டார். அதற்கடுத்த சுற்றில் கேட்கவில்லை. மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ரயிலை நிறுத்தாமல் விட்டுக்கொண்டிருந்தேன்.