மாஸ்க்கைத் தூக்கிய கை

திருவண்ணாமலை,
பௌர்ணமிக்கு மறுநாள்

தனத்துக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் ஏது? உன் தம்பி சரவணகுமார் சென்னைக்குக் கிளம்புகிறான். அவனிடம் கொடுத்தனுப்பும் உன் துணிப்பையில் இதையும் வைத்திருக்கிறேன். போனில் உன் குரலைக் கேட்டாலே எனக்குப் பேச்சு நின்றுவிடுகிறது.

லாட்ஜில் பௌர்ணமிக் கூட்டம், முதலாளி கூப்பிடுகிறார் என்று சொன்னேனே, பொய். யாரும் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் உன் முகத்தைப் பார்க்க முடியாமல் ஓடி வந்தேன்.

நம் பூஜாவுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் முடிந்து, தொண்டையில் போட்டிருந்த மூச்சுக் குழாயை எடுத்து மாஸ்க் வைத்தபோதே டாக்டர் நம் இருவரிடமும் சொன்னார், இந்த மாஸ்க்தான் காத்தை அழுத்திக் குடுத்து நுரையீரலை விரிச்சி வெச்சிருக்கு, யாரும் தொடாதீங்கன்னு. பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டினேன். அண்ணாமலையார் விபூதியை நெற்றியில் பூசியதோடு விட்டிருக்கக் கூடாதா? காய்ச்சல் வந்தால் நாக்கில் ஒரு சிட்டிகை போடுவோமே, அதே பழக்கத்தில் மாஸ்க்கைத் தூக்கி அவள் நாக்கில் விபூதியைப் போட்டுவிட்டேன். மாஸ்க் காற்று அந்தத் தூளை உள்ளே அடித்தது. ஐயோ, தையல் போட்ட நெஞ்சோடு குழந்தை இருமினாளே! உதடு நீலமாகிவிட்டதே!

யார் கழட்டினதுன்னு சிஸ்டர் கத்தினார். நீ முந்திக்கொண்டு, நான்தாங்க, அழுதுச்சின்னு தூக்கினேன்னு சொன்னாய். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மறுபடி குழாய் போட்டார்கள். உன்னை உள்ளே விடமாட்டோம் என்றார்கள். அப்போதும் நின்றேன். நானெல்லாம் ஒரு அப்பன்!

நம் இரண்டு பேர் பொய்யில் விபூதி உள்ளே போனதே டாக்டருக்குத் தெரியாமல் போயிற்று. இன்று காலை போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இதை அன்னிக்கே சொல்ல வேணாமாய்யான்னு திட்டித் தீர்த்தார். மதியம் மறுபடி கேட்டேன், நுரையீரலைச் சுத்தம் செய்துவிட்டார்களாம். நாளைக்குக் குழாயை எடுத்து மறுபடி மாஸ்க் வைத்துப் பார்ப்பார்களாம். உன் கை பட்டால்தான் அவள் அடங்குகிறாள், அம்மா பக்கத்துல இருக்கணும்னு டாக்டரே சொன்னார். இனி உன்னை யாரும் தடுக்க மாட்டார்கள்.

லாட்ஜ் சாவியை ஒப்படைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வருகிறேன். நான் வந்து நிற்பதற்கு முன் நீ இதைப் படித்திருக்க வேண்டும்.

என் கண்ணு நன்றாக மூச்சு விடட்டும். அவள் கண் என்னைத் தேடினால் அப்பா வாசலில் இருக்கிறார் என்று சொல். மாஸ்க் கழற்றும்வரை, நான் அழுதாலும் கெஞ்சினாலும், என்னை உள்ளே மட்டும் விட்டுவிடாதே தனம்.

உன்
பாலாஜி